டிஸ்சார்ஜ்: பணிநீக்கமா, விடுவிப்பா? படைத்துறைச் சொற்கள் சிலவற்றுக்கு உதவி தேவை

குழுவினருக்கு வணக்கம்.

அமெரிக்கப் படைகளிலிருந்து ஒழுங்கீனத்துக்காக வெளியே அனுப்பப்பட்டவர்கள், அந்த முடிவை மீண்டும் பார்க்கச் சொல்லி விண்ணப்பிப்பது எப்படி என்று ஒரு கட்டுரையைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் பத்தியிலேயே மாட்டிக்கொண்டேன். டிஸ்சார்ஜ் என்பதற்குப் 'பணிநீக்கம்' என்று போட்டுவிட்டு நகர்ந்தேன். அடுத்த வரியில் 'ஆனரபிள் டிஸ்சார்ஜ்' வந்து நின்றது. 'மதிப்புமிக்க பணிநீக்கம்' என்று எழுதிப் பார்த்தேன், எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மொத்தம் ஐந்து வகை இருக்கிறது. ஆனரபிள், ஜெனரல், அதர் தேன் ஆனரபிள் மூன்றும் நிருவாக முடிவுகள். பேட் கான்டக்ட், டிஸ்ஆனரபிள் இரண்டும் படைநீதிமன்றத் தண்டனையாக மட்டுமே வரும். ஐந்தையும் வேறுவேறாகக் காட்டும் சொற்கள் வேண்டும். மிஸ்கான்டக்ட் என்பதற்கு 'ஒழுக்கக்கேடு' போடலாமா என்றும் சொல்லுங்கள்.

—

> டிஸ்சார்ஜ் என்பதற்குப் 'பணிநீக்கம்' என்று போட்டுவிட்டு நகர்ந்தேன்.

தம்பி, அதை உடனே எடுத்துவிடுங்கள். சிரிப்பு வருவதற்காக மட்டும் சொல்லவில்லை. அந்தச் சொல்லுக்கு அங்கே வேறு வேலை இருக்கிறது. ஓர் அதிகாரியைப் படைநீதிமன்றம் தண்டித்து வெளியேற்றினால் அதை டிஸ்ஆனரபிள் டிஸ்சார்ஜ் என்று சொல்வதில்லை, டிஸ்மிசல் என்கிறார்கள். பணிநீக்கத்தை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

டிஸ்சார்ஜ் தண்டனையைக் குறிக்கும் சொல்லே அல்ல. ஒப்பந்தக் காலம் முடிந்து மாலை மரியாதையோடு போகிறவருக்கும் அதுதான், போதைப்பொருள் சோதனையில் சிக்கியவருக்கும் அதுதான். நம் அலுவலகங்களில் ஓரிடத்திலிருந்து கிளம்பும்போது 'விடுவிப்பு ஆணை' தருகிறார்களே, அந்த நிறமில்லாத சொல் இங்கே பொருந்தும். படைவிடுவிப்பு. 'பணிவிடுப்பு' வேண்டாம், லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போனது மாதிரி இருக்கும்.

நல்லது கெட்டதைச் சொல்வது இரண்டாவது சொல். ஆங்கிலத்தில் அதைக் கேரக்டரைசேஷன் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். விடுவிப்புத் தகுநிலை என்று பார்த்தேன், 'விடுவிப்புத் தரம்' இன்னும் எளிது. மறுபார்வைக்கு வருவது பெரும்பாலும் இந்தத் தரம்தான். ஆள் வெளியே வந்தாயிற்று, யாரும் திரும்பப் படையில் சேரக் கேட்கவில்லை. விடுவிப்புத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் வழக்கு.

'ஒழுக்கக்கேடு' கூடவே கூடாது. தமிழில் அதைப் படித்ததும் மனம் எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியும். சொல்லாமல் கொள்ளாமல் முகாமைவிட்டுப் போனவரையும் மேலதிகாரியிடம் எதிர்த்துப் பேசியவரையும் அந்தச் சொல்லில் அடைத்தால் பாவம். நீங்கள் முதலிலேயே எழுதிய 'ஒழுங்கீனம்' போதும்.

—

ஐயா சொன்ன படைவிடுவிப்பு எனக்குச் சம்மதம். ஆனால் உண்மையான தலைவலி ஐந்தில் நடுவில் இருப்பது. அதர் தேன் ஆனரபிள்.

இதைப் பலரும் 'மானக்கேடான' என்றே எழுதிவிடுகிறார்கள். தவறு. மானக்கேடு என்பது ஐந்தாவது. அதற்கு விசாரணை, தீர்ப்பு எல்லாம் வேண்டும். மூன்றாவதற்குப் படைநீதிமன்றமே கூடத் தேவையில்லை. மதிப்பு இருக்கிறது என்றும் சொல்லாமல், மானம் போனது என்றும் சொல்லாமல், நடுவில் தொங்கவிடும் சொல் அது. அந்த மழுப்பலைத் தமிழிலும் காப்பாற்றியாக வேண்டும்.

மழுப்பலுக்கு அங்கே நீண்ட வரலாறு உண்டு. 1906ல் டெக்சஸின் பிரவுன்ஸ்வில்லில் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்காக, இருபத்தைந்தாம் காலாட்படைப் பிரிவின் 167 கறுப்பின வீரர்களை அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட் விசாரணையே இல்லாமல் வெளியேற்றினார். அவர்களுடைய தாளில் இருந்த சொல் டிஸ்ஆனரபிள் அல்ல, 'வித்தவுட் ஆனர்'. 1972ல்தான் ராணுவம் அதை ஆனரபிள் என்று மாற்றியது. அதற்குள் அநேகமாக எல்லோரும் இறந்துவிட்டிருந்தார்கள்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நீல நிறத் தாளில் கொடுத்தார்கள். அதுவும் நல்லதுமில்லை கெட்டதுமில்லை வகை. ஒருபால் விருப்பமுள்ளவர்களுக்கும் கறுப்பின வீரர்களுக்கும் அது அளவுக்கு மீறிப் போய்ச் சேர்ந்தது. வேலை கொடுப்பவர்களுக்கு நீலத்தைப் பார்த்தாலே போதும். நமக்குச் 'சீட்டைக் கிழித்துவிட்டார்கள்' என்ற வழக்கு இருப்பதால், நீலச்சீட்டு என்று எழுதினால் விளக்கமே வேண்டாம். 1947ல் அந்தத் தாள் போனது, ஆனால் நடுவில் தொங்கும் வகை போகவில்லை.

என் பரிந்துரை இது. ஆனரபிள்: மதிப்புடன் விடுவிப்பு. ஜெனரல்: பொது விடுவிப்பு. அதன் முழுப்பெயரில் 'மதிப்புக்குரிய நிலையில்' என்று வால் இருக்கிறது, அதை முதல் முறை மட்டும் எழுதலாம். மூன்றாவது: மதிப்புச் சேராத விடுவிப்பு. நான்காவது: நடத்தைக்கேட்டு விடுவிப்பு. ஐந்தாவது: மானக்கேட்டு விடுவிப்பு.

'சேராத' பலருக்குப் பிடிக்காது, தெரியும். 'மதிப்பற்ற' என்றால் மனிதரையே திட்டுவது போல் இருக்கிறது. 'சேராத' என்பதில் மதிப்பு எங்கோ இருக்கிறது, இந்தத் தாளில் மட்டும் வந்து சேரவில்லை என்ற தொனி வருகிறது. மறுஆய்வு வாரியத்துக்குப் போகிறவரின் வாதமும் அதுதானே.

—

அக்கா, 'மதிப்புச் சேராத' அருமை. எடுத்துக்கொண்டேன். ஆனால் 'மறுஆய்வு வாரியம்' என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். அங்கே இரண்டு அமைப்பு இருக்கிறது. ஒன்று 1944ன் போர்வீரர் சட்டத்தில் வந்த டிஸ்சார்ஜ் ரிவ்யூ போர்டு. இன்னொன்று 1946ல் ஏற்பாடான பதிவேட்டுத் திருத்த வாரியம். முதலாவதில் வெளியேறி 15 ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இரண்டாவதில் பிழை தெரிந்து 3 ஆண்டு, ஆனால் நியாயம் கருதி அதைத் தளர்த்துவார்கள். பொதுப் படைநீதிமன்றம் (ஜெனரல் கோர்ட் மார்ஷல், படைநீதிமன்றங்களில் உயர்ந்த வகை) விதித்த விடுவிப்பை முதல் வாரியம் தொடவே முடியாது. இரண்டுக்கும் ஒரே சொல் போட்டால் படிக்கிறவர் தப்பான கதவைத் தட்டுவார்.

அப்புறம், லிபரல் கன்சிடரேஷன். மனநோயைக் காரணம் காட்டும் விண்ணப்பங்களை வாரியம் பார்க்க வேண்டிய விதத்துக்கு அங்கே வைத்திருக்கும் பெயர். 'தாராளப் பரிசீலனை' என்று எழுதி வைத்திருக்கிறேன். ஆடித் தள்ளுபடி மாதிரி இருக்கிறது.

—

> ஆடித் தள்ளுபடி மாதிரி இருக்கிறது.

இருக்கத்தான் செய்கிறது. 'பரிவுப் பார்வை' என்று யாராவது எழுதுமுன் தடுத்துவிடுகிறேன். இது பரிவு அல்ல, சான்றை எப்படி எடைபோடுவது என்ற விதி.

பின்னணி சொன்னால் புரியும். பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மன அழுத்த நோய் (பி.டி.எஸ்.டி.) 1980ல்தான் மனநோய் வகைப்பாட்டு நூலில் அந்தப் பெயருடன் இடம்பெற்றது. வியட்நாமிலிருந்து திரும்பி, தூக்கமில்லாமல், குடித்து, முகாமைவிட்டு ஓடியவருக்கு அப்போது நோய் என்று யார் எழுதிக் கொடுத்திருப்பார்கள்? கோப்பில் இருப்பது ஒழுங்கீனம் மட்டும். 2014ல் பாதுகாப்பு அமைச்சர் சக் ஹேகல் அனுப்பிய குறிப்பு, இப்படிப்பட்டவர்களின் விண்ணப்பங்களைப் பார்க்கும் விதத்தைத் தளர்த்தியது. 2017ல் வந்த அடுத்த குறிப்பு வாரியம் கேட்க வேண்டிய நான்கு கேள்விகளையே எழுதிக் கொடுத்தது. ஒழுங்கீனத்தை மன்னிக்கவோ குறைத்துக் காட்டவோ கூடிய நோயோ அனுபவமோ இருந்ததா, பணியில் இருந்தபோதே இருந்ததா, அது உண்மையிலேயே ஒழுங்கீனத்தை மன்னிக்கிறதா அல்லது குறைக்கிறதா, விடுவிப்புக்கான காரணத்தைவிட அது கனமானதா. முக்கியமாக, விண்ணப்பதாரரின் சொந்த வாக்குமூலமே சான்றாகப் போதலாம் என்றது. பாலியல் வன்முறைக்கு உள்ளானவர்களுக்கும் இது பொருந்தும், அவர்கள் அப்போது புகார் செய்யாமல் இருந்திருந்தாலும்.

இதில் இரக்கப்படுவது எங்கே? அளவுகோலை வளைத்துக் கொடுப்பதுதான் இருக்கிறது. நெகிழ்நோக்கு என்று வையுங்கள். வாரியங்களுக்கு: விடுவிப்பு மீளாய்வு வாரியம், பதிவேட்டுத் திருத்த வாரியம். 'மேல்முறையீடு' எங்கும் வரக்கூடாது, இது கீழ்நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்துப் போவது அல்ல.

மீளாய்வில் இரண்டு அடிப்படை உண்டு, ப்ராப்ரைட்டி, ஈக்விட்டி என்று. அகராதியைப் புரட்ட வேண்டாம். முறைப்படி நடந்ததா, நியாயப்படி நடந்ததா? முறைமை, நியாயம். பாட்டிகள் பேசுகிற தமிழே போதும்.

—

ஐயா, அக்கா, நன்றி. எல்லாவற்றையும் வரைவில் மாற்றிவிட்டேன். அப்கிரேடு என்பதற்குத் 'தரமுயர்வு' போட்டிருக்கிறேன், பள்ளிக்கூடத்தை உயர்நிலையாக்குவது போலத் தொனித்தாலும்.

ஒன்றே ஒன்று மிச்சம். வெட்டரன் என்பதற்கு இதுவரை 'முன்னாள் படைவீரர்' என்றுதான் எழுதி வந்தேன். இப்போது சட்டத்தின் வரையறையைப் பார்த்தால், மானக்கேடு அல்லாத நிலையில் வெளியேறியவர்தான் வெட்டரன். மதிப்புச் சேராத விடுவிப்பு வாங்கியவர் அந்த வரையறைக்குள் வருகிறாரா என்பதை முன்னாள் வீரர் நலத்துறை ஒவ்வொரு கோப்பாகத் தனியே முடிவு செய்கிறது. மருத்துவமும் உதவித்தொகையும் அதைப் பொறுத்தே. அதாவது இரண்டு முறை போர்க்களம் போய்வந்த ஒருவர் சட்டத்தில் வெட்டரன் இல்லை என்று ஆகலாம். ஆனால் தமிழில் அவரை 'முன்னாள் படைவீரர் அல்ல' என்று எழுதினால் பொய்யாகிவிடுகிறது. அவர் படைவீரராக இருந்தார், இப்போது இல்லை. அவ்வளவுதானே 'முன்னாள்'?

'சட்டமுறை முன்னாள் வீரர்' என்று ஒரு சொல் தோன்றியது. எழுதிப் பார்த்தேன், பிடிக்கவில்லை. உங்களுக்கு ஏதாவது தோன்றுகிறதா?