சியோலைட் மணிகள் எங்கே கிடைக்கும்?

வணக்கம் நண்பர்களே. மன்னார்குடி பக்கம் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். விண்வெளி வீரர் ஒருவர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 கிலோ கரியமில வாயுவை வெளிவிடுகிறார். சர்வதேச விண்வெளி நிலையத்தில் அதைப் பிடித்துவைப்பவை சியோலைட் என்ற நுண்துளைக் கனிமத்தின் மணிகள். சூடாக்கி வெற்றிடத்துக்குத் திறந்தால் வாயுவை விட்டுவிடும், மறுபடி பயன்படுத்தலாம். பிள்ளைகளுக்கு இதைச் செய்து காட்ட ரொம்ப ஆசை.

சிக்கல் ஈரம்தான். சியோலைட் முதலில் நீராவியைத்தான் பிடிக்கும். அங்கேயும் காற்றை உலர்த்திய பிறகே அனுப்புகிறார்கள். நம் ஐப்பசிக் காற்றுக்கு, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் எவ்வளவு வைக்க வேண்டும்?

அப்புறம், வேதாரண்யம் பக்கம் இறால் குட்டைகளில் போடும் சியோலைட் தூள் போதுமா, 13எக்ஸ் என்ற சியோலைட் வகை மணிகளே வேண்டுமா? ஆக்சிஜன் செறிவூட்டிக்குள்ளும் சியோலைட் மணிகள்தான் இருக்கும்; தஞ்சாவூர், கும்பகோணத்தில் அதைப் பழுதுபார்ப்பவர்கள் யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள். கழித்துப்போட்ட மணிகளானாலும் சரி, வந்து வாங்கிக்கொள்கிறேன்.