1984–85 சீரி ஆ: வெரோனாவின் பட்டத்துக்கு நடுவர் குலுக்கல்தான் காரணமா?

பந்துநேசன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இத்தாலியின் முதல்நிலை லீகான சீரி ஆவின் பழைய பருவங்களைப் பற்றிச் சில மாதங்களாகப் படித்து வருகிறேன். 1984–85 பருவத்தில் ஹெல்லாஸ் வெரோனா பட்டம் வென்றது குறித்துப் பேச்சு எழும்போதெல்லாம் ஒரே விளக்கம்தான் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. அதுவரை ஆட்ட நடுவர்களை ஓர் அதிகாரி பெயர் குறித்து அனுப்பி வந்தார். அந்தப் பருவத்தில் மட்டும் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தார்கள். பெரிய கழகங்களின் செல்வாக்கு அதனால் அற்றுப்போனது. ஆகவே சிறு நகரத்து அணி ஒன்றுக்கு வழி பிறந்தது என்கிறார்கள்.

பிளாட்டினி, மரடோனா, ஸீக்கோ, ருமெனிகே, சாக்ரடீஸ் எனப் பெரும் ஆட்டக்காரர்கள் எல்லோரும் ஒரே லீகில் ஆடிய ஆண்டு அது. அவர்களில் ஒருவர்கூட இல்லாத அணி முதலிடம் பிடித்ததற்கு இந்த ஒரு காரணம் போதுமா என்ற ஐயம் எனக்கு இருக்கிறது. விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

நடுக்களம் எழுதியது:

நல்ல கேள்வி, பந்துநேசன். குலுக்கல் நடந்தது உண்மை. ஆனால் அது பதினாறு அணிகளுக்கும் பொதுவாக இருந்த ஏற்பாடு. பெரிய கழகங்களின் செல்வாக்கு குறைந்ததால் பயன் கிடைத்தது என்றால் சம்ப்டோரியா, டொரினோ போன்ற அணிகளுக்கும் அதே பயன் கிடைத்திருக்க வேண்டும். வெரோனா 43 புள்ளிகளுடன் முடித்தது; இரண்டாவதாக வந்த டொரினோ 39, இன்டர் 38, சம்ப்டோரியா 37. வெற்றிக்கு இரண்டே புள்ளி கொடுக்கப்பட்ட காலத்தில் நான்கு புள்ளி இடைவெளி என்பது இரண்டு முழு வெற்றிகளுக்குச் சமம். 30 ஆட்டங்களில் 15 வெற்றி, 13 சமன், இரண்டே தோல்வி. அடித்த கோல்கள் 42, வாங்கியவை 19. இந்தக் கணக்கை நடுவர் நியமன முறையைக் கொண்டு மட்டும் விளக்கிவிட முடியாது.

உண்மையான காரணத்தைத் தேட வேண்டுமானால் மூன்று ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும். மிலானின் தொழிற்சாலைப் பகுதியான போவிசாவைச் சேர்ந்த பயிற்சியாளர் ஒஸ்வால்டோ பன்யோலி, 1982இல் வெரோனாவை இரண்டாம் நிலையிலிருந்து மேலே கொண்டுவந்தார். மேலே வந்த முதல் பருவத்திலேயே அணி நான்காம் இடம் பிடித்தது. 1983, 1984 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் இத்தாலியக் கோப்பையின் இறுதிப் போட்டி வரை சென்று, முதலில் யுவென்டஸிடமும் பிறகு ரோமாவிடமும் தோற்றது. எனவே 1984 செப்டம்பரில் களமிறங்கிய அணி, கோப்பையின் வாசலில் ஏற்கெனவே இரண்டு முறை நின்று திரும்பிய அணி என்பதை மறந்துவிடக் கூடாது.

பன்யோலி அணியைச் சேர்த்த விதம்தான் என்னை மிகவும் கவர்ந்தது. பெரிய கழகங்கள் போதாதென்று விட்டுவிட்ட ஆட்களையே அவர் பெரும்பாலும் எடுத்துக்கொண்டார். ஓரத்தில் ஆடும் ஃபன்னாவும் முன்களத்தில் ஆடும் கால்தெரிசியும் யுவென்டஸில் நிலையான இடம் பெற முடியாதவர்கள். கோல்கீப்பர் கரெல்லா, லாசியோவில் செய்த தவறுகளுக்காகக் கேலிப் பெயர் சூட்டப்பட்டவர். கைக்கு எட்டாத பந்தைக் காலாலும் உடம்பாலும் தடுக்கும் அவருடைய பாணியை மாற்ற முயலாமல் பன்யோலி அப்படியே விட்டுவிட்டார். தற்காப்புக்குப் பின்னால் அணித்தலைவர் திரிச்செல்லா, நடுக்களத்தில் பந்தைப் பிரித்துக் கொடுக்க தி ஜென்னாரோ, எந்த இடத்தில் நிறுத்தினாலும் ஆடக்கூடிய, மருத்துவம் படித்த வொல்பாத்தி. ஒவ்வொருவருக்கும் தனக்குப் பழகிய வேலையே கொடுக்கப்பட்டது. இத்தனையும் அமைந்த பிறகுதான், ஒரு கழகத்துக்கு இரண்டு வெளிநாட்டவர் மட்டுமே என்றிருந்த அந்நாளைய விதிப்படி, 1984 கோடையில் பெல்ஜியத்தின் லோக்கரனிலிருந்து டென்மார்க்குக்காரர் எல்கேரும், கைசர்ஸ்லாட்டர்னிலிருந்து ஜெர்மானியர் பிரீகெலும் வந்து சேர்ந்தார்கள்.

முதல் ஆட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1984 செப்டம்பர் 16 அன்று வெரோனாவின் சொந்த மைதானமான பென்தெகோதிக்கு நாப்போலி வந்தது. மரடோனாவின் முதல் சீரி ஆ ஆட்டம் அது. இளமையில் தடகள வீரராக இருந்த பிரீகெலிடம் மரடோனாவைக் கவனிக்கும் பொறுப்பை ஒப்படைத்தார் பன்யோலி. பிரீகெல் அவரைக் கட்டுப்படுத்தியதோடு தானும் ஒரு கோல் அடிக்க, வெரோனா 3–1 என வென்றது. அன்று பிற அணிகளுடன் பகிர்ந்துகொண்ட முதலிடத்தைப் பருவம் முடியும்வரை எவருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

மஞ்சள்நீலம் எழுதியது:

நடுக்களம் சொன்னவற்றோடு எனக்குப் பெரிய வேறுபாடு இல்லை. ஆயினும் குலுக்கலை முற்றாக ஒதுக்கிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பெரிய மைதானத்துக்குச் செல்லும் சிறிய அணியின் ஆட்டக்காரர்களுக்கு, நடுவர் யாருக்கும் கடன்பட்டவர் அல்லர் என்ற எண்ணமே ஒரு தெம்பைக் கொடுத்திருக்கும். அந்த முறை அடுத்த பருவத்தில் கைவிடப்பட்டதும் சந்தேகத்தை வளர்த்தது. ஆனால் நியமன முறை திரும்பிய பிறகும் 1987இல் நாப்போலியும் 1991இல் சம்ப்டோரியாவும் தங்கள் முதல் பட்டங்களை வென்றன. ஆகவே குலுக்கலைத் துணைக் காரணமாகக் கொள்ளலாமே தவிர, அதையே முழுக் காரணமாகக் கொள்ள இடமில்லை.

அந்தப் பருவத்தின் மனநிலையை அறிய விரும்புபவர்கள் 1984 அக்டோபர் 14 அன்று யுவென்டஸுக்கு எதிராக நடந்த ஆட்டத்தின் காணொளியைப் பாருங்கள். இடது ஓரமாகப் பந்தைக் கொண்டு ஓடிய எல்கேரை யுவென்டஸின் பியோலி பின்தொடர்ந்து தடுக்க, எல்கேரின் வலது காலணி கழன்று விழுகிறது. அவர் நிற்கவில்லை, குனிந்து பார்க்கவும் இல்லை. உள்ளே வெட்டித் திரும்பி, காலுறை மட்டும் அணிந்த அதே காலால் பந்தை வலைக்குள் அடிக்கிறார். ஆட்டம் 2–0 என முடிந்தது. எத்தனை முறை பார்த்தாலும் அந்த ஓட்டம் எனக்குச் சலிப்பதில்லை.

பந்துநேசன் எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஒரே ஒரு ஐயம் மிஞ்சுகிறது. 30 ஆட்டங்களில் 13 சமன் என்றால், அது தோல்விக்கு அஞ்சித் தற்காப்பிலேயே ஒதுங்கிக்கொண்ட அணி என்று கருத இடம் தருகிறதல்லவா?

நடுக்களம் எழுதியது:

அப்படிக் கருதுவது இன்றைய மூன்று புள்ளி முறையில் பழகிய கண்ணால் பார்ப்பதால் வருவது. அன்று ஒரு சமன் என்பது வெற்றியில் சரிபாதி. எதிரணி மைதானத்தில் கிடைக்கும் ஒரு புள்ளியை எல்லாப் பயிற்சியாளர்களும் பொன்போலக் காத்தார்கள். பன்யோலியின் அணி பந்தைப் பறித்தவுடன் ஃபன்னாவின் ஓரமாகவோ எல்கேரின் முன்னாலோ நேராக அனுப்பி, மூன்று நான்கு பேருடன் விரைந்து ஏறும் அணி. பின்களத்திலிருந்து ஓடி வந்த பிரீகெலும் கோலடித்தவர்களில் ஒருவர் என்பதே அந்த வேகத்துக்குச் சான்று.

1985 பிப்ரவரியில் உதினேசேயின் மைதானத்தில் நடந்ததைப் பாருங்கள். 3–0 என முன்னிலை பெற்ற வெரோனா, எதிரணி 3–3 எனச் சமன் செய்ததைக் கண்டது. ஒரு புள்ளியோடு திருப்தி அடைந்து ஒதுங்கும் அணியாக இருந்திருந்தால் அங்கேயே ஆட்டத்தை அடக்கியிருக்கும். அவர்களோ மீண்டும் முன்னேறி 5–3 என வென்று திரும்பினார்கள். என்னைக் கேட்டால் பட்டம் உறுதியானது அன்றுதான்.

தோற்ற இரண்டில் ஒன்று, பருவத்தின் முதல் பாதியின் கடைசி ஆட்டத்தில் அவெல்லினோவின் மைதானத்தில். மற்றொன்று இரண்டாம் பாதியில் சொந்த மைதானத்தில் டொரினோவிடம். மே 12 அன்று பெர்கமோவில் அதலாந்தாவுக்கு எதிராக ஒரு புள்ளி போதும் என்ற நிலையில், முதலில் கோல் வாங்கிப் பின்தங்கிய அணியை இரண்டாம் பாதியில் எல்கேர் சமன் செய்து காப்பாற்ற, ஓர் ஆட்டம் மீதமிருக்கையிலேயே பட்டம் கைக்கு வந்தது. அடுத்த வாரம் பென்தெகோதியில் அவெல்லினோவை 4–2 என வென்று, தங்களை முதலில் தோற்கடித்த அணியின் கணக்கையும் தீர்த்துவிட்டுத்தான் பருவத்தை முடித்தார்கள்.