கிட்டங்கி ஆற்றுவாழை: மனிதக் காரணங்களை எந்தச் சட்டகத்தில் வைத்துப் பார்ப்பது? உதவி தேவை

நாவிதன்வெளி மாணவி

எல்லாருக்கும் வணக்கம். நான் புவியியல் இறுதியாண்டு மாணவி. அம்பாறை மாவட்டத்துக் கிட்டங்கி ஆற்றில் ஆற்றுவாழை (ஆகாயத்தாமரை) பெருகுவதற்கான மனிதக் காரணங்கள் என்பதுதான் என் ஆய்வேடு. இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும், மாரியில் கிட்டங்கித் தாம்போதிக்கு, ஆற்றைக் கடக்கிற அந்தத் தாழ்வான பாதைக்கு, மேலால் வெள்ளம் பாயும். ஆற்றுவாழையும் வந்து அடைத்துக்கொண்டால் தண்ணீர் வடியாது, கல்முனைக்குப் போகிற பாதை நின்றுவிடும். பெக்கோ இயந்திரம் வைத்து அள்ளுவார்கள். திரும்பவும் முளைக்கும்.

சுற்றாடல் பிரச்சினைகளை வகுத்துக் காட்டும் டிபிஎஸ்ஐஆர் (DPSIR) சட்டகத்தை எடுத்திருக்கிறேன். உந்துசக்தி, அழுத்தம், நிலை, தாக்கம், துலங்கல் என்று ஐந்து பெட்டி. எங்கே இடிக்கிறது என்றால், ஒரே விடயம் இரண்டு மூன்று பெட்டிக்குள் போகிறது. வயலுக்கு வீசும் யூரியா உந்துசக்தியா, அழுத்தமா? ஆற்றுவாழை நிலையா, இல்லை வெள்ளத்தைக் கூட்டுவதால் அதுவே அழுத்தமா? பெக்கோவால் அள்ளுவது துலங்கல். ஆனால் பிய்ந்த துண்டுகள் மிதந்து போய் வேறு இடத்தில் வேர் விடுகின்றன, அப்போது அதுவும் அழுத்தம்தானே?

சனத்தொகையை வைத்துச் சுற்றாடல் தாக்கத்தைக் கணக்கிடும் ஐபிஏடி (IPAT) சமன்பாட்டையும் மேற்பார்வையாளர் பார்க்கச் சொன்னார். பிரதேச செயலகப் பிரிவின் சனத்தொகையை வைத்து என்ன சொல்வது என்று புரியவில்லை. யாராவது வழி சொல்லுங்கள்.

களுவாஞ்சிகுடி டீச்சர்

மகள், முதலில் யூரியாவைத் தீர்ப்போம். ஆற்றுத் தண்ணீருக்குள் வந்து சேர்வது எதுவோ அது அழுத்தம். அது வந்து சேரும்படி ஆட்கள் ஏன் நடந்துகொள்கிறார்கள் என்பது உந்துசக்தி. வடிச்சல் வாய்க்காலால் வருகிற நைதரசனும் பொசுபரசும் அழுத்தம். வட்டைக்குள், அதாவது வயல்வெளிக்குள், ஏன் அவ்வளவு யூரியா வீசினார்கள் என்று கேட்டால் உரமானியம் வரும். இலங்கையில் அது 1962 முதல் ஏதோ ஒரு வடிவில் இருந்து வருகிறது. 2005இல் வந்த திட்டத்தில் 50 கிலோ மூடை 350 ரூபாவுக்குக் கிடைத்தது. அந்த விலைக்குக் கிடைத்தால் எந்த விவசாயி அளந்து வீசுவான்? அவனைக் குறை சொல்லவில்லை. விளைச்சல் குறைந்தால் கடன் அவன் தலையில்தான் விழும்.

ஆற்றுவாழை மூடியிருக்கிற பரப்பை நிலையில் போடுங்கள். பாதை நின்றுபோவதும் வலை இழுக்க முடியாமல் போவதும் தாக்கம். துண்டு மிதந்து போவதற்குத் துலங்கலில் இருந்து அழுத்தத்துக்கு ஒரு அம்பு போட்டால் சரி. அப்படிப் போடுவதை அந்தச் சட்டகம் தடுக்கவில்லை.

ஆனால் ஒன்று. அது காரணம் தேடுவதற்கென்று செய்த கருவி இல்லை. ஓஈசிடி (OECD) என்ற பொருளாதார நாடுகளின் அமைப்பின் அழுத்தம்-நிலை-துலங்கல் மாதிரியை விரித்து, ஐரோப்பியச் சுற்றாடல் முகவரகம் 1990களில் தன் அறிக்கைகளுக்குப் பயன்படுத்தியது. குறிகாட்டிகளை ஒழுங்காக அடுக்கி மேலிடத்துக்குக் காட்ட அருமையானது. ஏன் நடந்தது என்று கேட்டால் திணறும்.

நிந்தவூரான்

ஐபிஏடி பற்றிச் சொல்கிறேன். எர்லிக், ஹோல்ட்ரன் என்ற இரு விஞ்ஞானிகள் 1971இல் முன்வைத்த வாதத்தில் இருந்து வந்தது. சனத்தொகை, ஆளுக்கான நுகர்வு, தொழில்நுட்பம் மூன்றையும் பெருக்கினால் சுற்றாடல் தாக்கம். அதே காலத்தில் பாரி கொமனர் என்ற உயிரியலாளர், சனத்தொகையை விட உற்பத்தித் தொழில்நுட்பம் மாறியதுதான் பெரிய காரணம் என்று நின்று வாதாடினார். நாடுகளின் காபன் உமிழ்வை ஒப்பிட அந்தச் சமன்பாடு நல்லது. ஒரு ஆற்றுக்கு, ஒரு ஊருக்கு அது பொருந்தாது.

எங்கள் கரையைப் பாருங்கள். ஒலுவில் துறைமுகம் 2013இல் திறக்கப்பட்டது. இந்தக் கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்காக நகரும். அலைதடுப்புக் கல் அதை மறித்தது. துறைமுக வாயில் மணல் மூடியது, வடக்குப் பக்கத்தில் கடல் கரையைத் தின்றது. தென்னைகள் வேரோடு விழுந்து கிடந்ததைப் பார்த்தவன் நான். இதில் ஒலுவிலின் சனத்தொகையை எதோடு பெருக்குவது? எங்கள் ஆட்கள் அதிகம் நுகர்ந்ததால் கரை போகவில்லை. எங்கேயோ எடுத்த முடிவு, நட்டம் தோணிக்காரனுக்கும் தென்னங்காணிக்காரனுக்கும். யார் முடிவெடுத்தது, யார் சுமந்தது என்ற கேள்விக்கே அந்தச் சமன்பாட்டில் இடமில்லை. உங்கள் ஆய்வில் அந்தக் கேள்வியை விட்டுவிடாதீர்கள் தங்கச்சி.

பழைய நீர்ப்பாசனக்காரன்

பிள்ளை யூரியாவையே பிடித்துக்கொண்டு நிற்கிறது. உப்பைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே.

ஆற்றுவாழை நன்னீர்ச் செடி. உவர் ஏறினால் கருகும். கிட்டங்கித் தண்ணீர் மட்டக்களப்பு வாவியின் தெற்கு முனைக்குத்தான் போகிறது. வாவி கடலோடு சேர்வது பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும். இரண்டு முகத்துவாரத்தையும் மணல் மூடிவிடும். மூடியிருக்கும் காலத்தில் கடல்நீர் ஏறாது. மேலே இங்கினியாகலையில் சேனநாயக்க சமுத்திரம் என்ற பெரிய நீர்த்தேக்கம் 1950களின் தொடக்கத்தில் வந்த பிறகு சிறுபோகத்துக்கும், அதாவது கோடைப் பயிருக்கும், தண்ணீர் விடுகிறார்கள். அந்த வடிச்சல் கோடையிலும் கீழே வரும். முன்பு கோடையில் ஒடுங்கிய ஆறு இப்போது செடிக்குத் தோதாக இருக்கிறது என்றால் அதில் அணையின் பங்கு என்ன, முகத்துவாரத்தின் பங்கு என்ன, தாம்போதி ஓட்டத்தை மறிப்பதன் பங்கு என்ன? மாதாமாதம் உவர்த்தன்மையை அளந்து பாருங்கள்.

முகத்துவாரம் வெட்டுவதிலும் மனிதர் இருக்கிறார்கள். வயல் தண்ணீரில் தாழ்கிறது, வெட்டுங்கள் என்று வாவிக்கு மேற்கே படுவான்கரை விவசாயி கேட்பார். இறாலும் மீனும் கடலுக்குப் போய்விடும், பொறுங்கள் என்று மீனவர் சொல்வார். அந்தக் கூட்டத்தில் யார் சொல்வது எடுபடுகிறது என்று விசாரியுங்கள். வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டைவிதானைமாரிடம் போங்கள், எந்தப் போகத்தில் எப்போது தண்ணீர் விட்டார்கள் என்று வாயாலேயே சொல்வார்கள்.

நாவிதன்வெளி மாணவி

மிக்க நன்றி. உப்பு விடயம் எனக்குப் பெரிய திறப்பு ஐயா. நிந்தவூர் காக்கா, ஒலுவில் உதாரணத்தை ஒப்பீட்டுக்கு எடுக்கிறேன். அப்போ டிபிஎஸ்ஐஆரை விட்டுவிடவா? அட்டவணை கட்டாயம் வேண்டும் என்கிறார்கள். இன்னொன்று, ஆற்றுவாழை வெளிநாட்டுச் செடி. அது நாட்டுக்குள் வந்ததையே மூலகாரணம் என்று எழுதலாமா?

களுவாஞ்சிகுடி டீச்சர்

விட வேண்டாம். அட்டவணையைக் கடைசி அத்தியாயத்தில் வையுங்கள். விளக்கத்தை வேறு விதமாகக் கட்டுங்கள்.

வெப்பவலயக் காடழிவைப் பற்றி கைஸ்ட், லாம்பின் இருவரும் 2002இல் 152 இடங்களின் ஆய்வுகளை வைத்து ஒரு கட்டுரை எழுதினார்கள். காரணத்தை இரண்டு தட்டாகப் பிரித்தார்கள். மேல் தட்டில் கண்ணுக்கு முன்னால் நடக்கும் செயல்: மரம் வெட்டுவது, வயல் விரிப்பது, பாதை போடுவது. கீழ்த் தட்டில் அதைத் தள்ளுவது: பொருளாதாரம், கொள்கையும் நிறுவனங்களும், தொழில்நுட்பம், பண்பாடு, சனத்தொகை. ஒற்றைக் காரணத்தால் காடு அழிந்த இடங்கள் குறைவு, பல காரணங்கள் சேர்ந்தே வேலை செய்தன என்பதுதான் அவர்கள் கண்டது. உங்கள் ஆற்றுக்கும் இது அப்படியே பொருந்தும். உரம் வீசுவது, தண்ணீர் திறப்பது, முகத்துவாரம் மூடிக்கிடப்பது, குப்பை கொட்டுவது எல்லாம் மேல் தட்டு. ஒவ்வொன்றுக்கும் கீழே தனித்தனியாக இறங்குங்கள்.

இறங்கும் முறைக்கு வேய்டா என்ற மானிடவியலாளர் 1983இல் சொன்னதைப் பின்பற்றலாம். பெரிய கோட்பாட்டில் தொடங்காமல், குறிப்பிட்ட ஆள் குறிப்பிட்ட இடத்தில் செய்த செயலில் தொடங்கி, அவர் ஏன் செய்தார் என்று படிப்படியாக வெளியே போவது. ஒரு வட்டையில் ஒரு விவசாயி, அவர் வீசிய உரம், அவருக்கு உரம் கொடுத்த கடை, கடன் கொடுத்தவர், மானியச் சுற்றறிக்கை. சங்கிலி எங்கே அறுகிறதோ அங்கே நிறுத்துங்கள். ஆதாரம் இல்லாமல் உலகமயமாக்கல் வரை இழுக்க வேண்டாம்.

உங்களுக்குக் கையில் ஒரு பரிசோதனையும் இருக்கிறது. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தார்கள், நவம்பரில் தளர்த்தினார்கள். அந்தப் பெரும்போகத்தில், மாரிப் பயிருக்கு, உரம் இல்லாமல் ஆட்கள் பட்ட பாடு நமக்குத் தெரியும். செந்தினல்-2 செய்மதிப் படங்கள் 10 மீற்றர் துல்லியத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அதற்கு முந்திய, பிந்திய ஆண்டுகளோடு செடியின் பரப்பை ஒப்பிடுங்கள். குறையவில்லை என்றால் உடனே உரத்துக்குத் தொடர்பில்லை என்று எழுதிவிடாதீர்கள். அடிச்சேற்றில் ஊறிக் கிடக்கும் பொசுபரசு பல வருடம் கசியும். மழை அளவையும் பக்கத்தில் வையுங்கள்.

செடி வந்த கதையைப் பின்னணியில் போடுங்கள். தென்னமெரிக்காவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவந்தது, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். அது பரவுவதைத் தடுக்க 1909இலேயே இங்கே தனிச் சட்டம் போட்டார்கள். செடி எல்லாக் குளத்துக்கும் பொது. கிட்டங்கியில் மட்டும் ஏன் இவ்வளவு என்பதுதான் உங்கள் கேள்வி. சட்டம் இல்லை என்பதையும் உந்துசக்தி என்று எழுத முடியாது, சட்டம் அப்போதே வந்துவிட்டது. ஆற்றின் இரு கரையும் வெவ்வேறு சபைகளுக்குள் வருகிறது, வாய்க்கால் இன்னொரு திணைக்களத்திடம். அள்ளுவது யார் பொறுப்பு, எந்த வருடச் செலவில், அள்ளியதை எங்கே கொட்டினார்கள் என்று ஒவ்வொரு அலுவலகமாகப் போய் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்தக் கடிதங்கள் வந்த பிறகு துலங்கல் பெட்டியை நிரப்பலாம்.