உதவி தேவை: காட்டில் மேய்ந்த மலை மாடுகளைப் பிடித்துவிட்டார்கள், இணக்கக் கட்டணம் கட்டலாமா?

கிடைக்காரர் மகன்:
வணக்கம். தேனி மாவட்டத்தில் மலையடிவார ஊர். தாத்தா காலத்துக்கும் முன்பிருந்தே மலை மாடு வைத்திருக்கிறோம். காப்புக்காட்டில் (அரசு ஒதுக்கிப் பாதுகாக்கும் காடு) மேய்ந்ததாகச் சொல்லி வனத்துறையினர் எங்கள் மாடுகளை ஓட்டிப் போய்விட்டார்கள். இணக்கக் கட்டணம் (வழக்கு நடத்தாமல் முடித்துக்கொள்ளக் கட்டும் தொகை) கட்டி ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் விடுவார்களாம். தாத்தா பேரில் பழைய மேய்ச்சல் ரசீது இருக்கிறது. இரண்டு பசு சினை. என்ன செய்வது?

வக்கீல் அண்ணன்:
தம்பி, அந்தத் தாளை முழுதாகப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். குற்றத்தை ஒப்புக்கொள்வதாக எழுதியிருந்தால் நாளைக்கு உங்களுக்கு எதிராக அதையே காட்டுவார்கள். பிடித்த இடம், தேதி, மாடுகளின் எண்ணிக்கை எழுதிய நகல் கேளுங்கள். கட்டணம் கட்ட மனமில்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு போட்டு மாடுகளை இடைக்காலமாக மீட்கலாம். சினை மாடு என்பதை மனுவில் அவசியம் சொல்லுங்கள்.

அப்புறம், அந்த இடம் வெறும் காப்புக்காடா, புலிகள் காப்பகமா? 1882 வனச் சட்டப்படி காப்புக்காட்டில் அனுமதியின்றி மேய்ப்பதே குற்றம்தான். 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழகக் காடுகள் எல்லாவற்றிலும் மேய்ச்சலுக்குத் தடை போட்டு, அதே மாதம் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு மட்டும் என்று சுருக்கியது. மேகமலைப் பக்கம் 2021 முதல் புலிகள் காப்பகம்.

கிடைக்காரர் மகன்:
பிடித்த இடம் காப்பகத்துக்கு வெளியேதான் அண்ணே. ரசீதை வைத்து அனுமதி வாங்க முடியாதா?

வக்கீல் அண்ணன்:
பழைய ரசீது இன்றைய அனுமதி ஆகாது. ஆனால் அது பெரிய சாட்சி, பத்திரமாக வையுங்கள். 2006 வன உரிமைச் சட்டம் 3(1)(ஈ) பிரிவு மேய்ச்சலைச் சமூக உரிமையாகவே சொல்கிறது. ஆளுக்கு ஆள் அபராதம் கட்டிக்கொண்டிருப்பதை விட ஊராகச் சேர்ந்து அதைக் கேளுங்கள். பழங்குடி அல்லாதவர்கள் 13.12.2005க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, காட்டை நம்பி அங்கே வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். பாரம்பரிய மேய்ச்சல் நிலத்தையும் பெரியவர்களின் வாக்குமூலத்தையும் சான்றாக விதிகளே ஏற்கின்றன.

மேய்ச்சல்காரி:
எங்கள் ஊரில் கூட்டம் சேராமலே இழுத்தது, அதனால் சொல்கிறேன். அந்த உரிமையை முதலில் கிராம சபையில்தான் கேட்க வேண்டும். அதற்கு உறுப்பினர்களில் பாதிப் பேர் வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். கிடைக்கு (மாடுகளை அடைக்கும் இடம்) போகாத வீட்டுப் பெண்களையும் முன்கூட்டியே கூப்பிடுங்கள். பிறகு வன உரிமைக் குழு அமைத்து சமூக உரிமை கேட்கும் 'பி' படிவம் கொடுங்கள். உட்கோட்டக் குழு மறுத்தால் 60 நாளுக்குள் மாவட்டக் குழுவிடம் போகலாம்.

ஊர்க்காவல்:
காட்டுக்குள் மாடு போனால் காட்டெருமைக்குக் கோமாரி பரவும் தம்பி. உரிமை கேட்பதோடு தடுப்பூசிச் சான்றும் கையில் வையுங்கள். உங்கள் ஊரில் மேய்க்கால் புறம்போக்கு (ஊர் மாடு மேய ஒதுக்கிய அரசு நிலம்) இருந்ததா என்று தாசில்தார் அலுவலகத்தில் பாருங்கள். பொது நில ஆக்கிரமிப்பை அகற்றச் சொல்லி 2011இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அது மீண்டால் பாதி மாடு காட்டுக்கே போக வேண்டாம்.

கிடைக்காரர் மகன்:
மேய்க்கால் இருந்ததாக அப்பா சொல்கிறார், இப்போது அங்கே தென்னந்தோப்பு. நாளைக்கு மாஜிஸ்திரேட் மனு, அடுத்து தாசில்தார் ஆபீஸ்.

வக்கீல் அண்ணன்:
சரி. உரிமை கிடைக்கும்வரை மாட்டைக் காப்புக்காட்டிலும் விடாதீர்கள், காப்பக எல்லைக்குள் கண்டிப்பாக வேண்டாம் தம்பி. உரிமை கேட்ட மனு நிலுவையில் இருப்பது மேய்க்க அனுமதி ஆகாது.