அணிப் போட்டியில் எதிராளி சமன் கேட்டால் மறுக்கலாமா?

கேள்வி – மன்னார்குடி
எங்கள் பள்ளி மாணவியர் நால்வர் அடுத்த மாதம் தஞ்சாவூரில் அணிச் சதுரங்கப் போட்டியில் ஆடவிருக்கிறார்கள். நான்காம் பலகையில் ஆடும் மாணவி, பக்கத்தில் தோழி தோற்கப்போவதைக் கண்டுவிட்டால், சமநிலையில் இருக்கும் தன் ஆட்டத்திலும் சமனை மறுத்து, வலிந்து தாக்கித் தோற்கிறாள். புடாபெஸ்ட் சதுரங்க ஒலிம்பியாடின் (2024) மகளிர் பிரிவில், ஒன்பதாம் சுற்றில் அமெரிக்காவிடம் இந்தியாவின் வைஷாலி தோற்றும், வந்திகா அகர்வால் ஐரினா கிரஷை வென்று 2-2 என்று மீட்டதைத்தான் எனக்குச் சான்றாகக் காட்டுகிறாள். அவளுக்கு என்ன சொல்வது?

பதில் – கும்பகோணம்
அதற்கு அடுத்த சுற்றையும் காட்டுங்கள், ஐயா. சீனாவுடன் திவ்யா தேஷ்முக் நி ஷிசுனை வென்றார்; மற்ற மூன்று பலகைகளும் சமன், ஆளுக்கு அரைப் புள்ளி; முடிவு 2.5-1.5. நான்கு பலகைகளையும் வென்றாலும் இப்படி வென்றாலும் அந்தச் சுற்றுக்கு அணிக்குக் கிடைப்பது அதே இரண்டு அணிப் புள்ளிதான் என்பதால், அந்த மூன்று சமன்களும் வெற்றியைத் தாங்கி நின்றவை. எட்டாம் சுற்றில் போலந்திடம் தோற்று, ஒன்பதில் சமன் செய்த அணி, அந்த வெற்றிக்குப் பிறகுதான் கடைசிச் சுற்றில் அஜர்பைஜானை 3.5-0.5 என வென்று, மொத்தம் 19 அணிப் புள்ளிகளுடன் தங்கம் பெற்றது. சமன் கோழைத்தனம் என்ற எண்ணத்தை முதலில் அவள் மனத்திலிருந்து எடுக்க வேண்டும்.

பதில் – திருவாரூர்
ஒப்புக்கொள்கிறேன், ஆனாலும் அந்தப் பெண்ணின் துடிப்பை அணைத்துவிடாதீர்கள். அணி 1-2 எனப் பின்தங்கி அவள் ஆட்டம் மட்டும் எஞ்சியிருந்தால், சமன் செய்வதும் தோற்பதும் அணிக்கு ஏறத்தாழ ஒன்றே; அங்கே மறுத்து ஆடுவதுதான் முறை. மற்ற பலகைகள் முடியாதபோது, தன் காய்களின் நிலை என்ன சொல்கிறதோ அதையே அவள் கேட்க வேண்டும். மற்ற பலகைகளைக் கணக்குப் பார்ப்பது அணித் தலைவரின் வேலை. சமனை ஏற்கும்படியோ கேட்கும்படியோ அவர் சொல்லலாம். நிலையைப் பற்றி மட்டும் ஒரு சொல்லும் பேசக் கூடாது.

கேட்டவர் – மன்னார்குடி
மிக்க நன்றி. உள்ளூர்ப் போட்டியிலும் தலைவர் அவ்வாறு சொல்ல அனுமதி உண்டா?

பதில் – திருவாரூர்
போட்டிக்குப் போட்டி விதி மாறும், ஐயா. முதல் சுற்றுக்கு முன்பே தலைமை நடுவரிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். அனுமதி இல்லையென்றால், எந்த நிலையில் சமனை ஏற்பது என்பதை முந்தின நாளே மாணவியருடன் பேசி முடிவு செய்துவிடுங்கள்.