மறு: 'உறுதிநிலைத் துணைவினை' பொருந்துமா?

கடலூரிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். ஆங்கிலத்தில் மஸ்ட், மைட், குட், கான்ட் முதலியவை கடமையையோ அனுமதியையோ சொல்லாமல் 'இப்படித்தான் இருக்கும்' என்ற நினைப்பைச் சொல்லும் இடத்துக்கு 'உறுதிநிலைத் துணைவினை' என்று தமிழ்ப் பெயர் வைக்கலாம் எனப் புதுச்சேரி ஐயா எழுதியிருந்தார். துணைவினை சரி. உறுதிநிலைதான் இடிக்கிறது.

திருப்பாதிரிப்புலியூரில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஆங்கில டியூஷன் எடுக்கிறேன். பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்தால் 'ஹி மஸ்ட் பி அட் ஹோம்' என்கிறோம். ஆளையே பார்த்துவிட்டால் 'ஹி இஸ் அட் ஹோம்'. மஸ்டுக்கு அங்கே வேலை இல்லை. தமிழிலும் 'வீட்டில்தான் இருக்க வேண்டும்' என்பவர் ஆளைப் பார்க்காதவர்தான். ஆக, மஸ்ட் வந்தாலே உறுதி ஒரு படி இறங்கிவிட்டது என்று பொருள். மைட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 'வந்தாலும் வரலாம்' என்பதில் என்ன உறுதி?

கையில் கிடைத்த தடயத்தை வைத்து மனம் எவ்வளவு தூரம் போகத் துணிகிறது என்பதையே இந்த வினைகள் காட்டுகின்றன. அதனால் 'கணிப்புத் துணைவினை' என்கிறேன். 'நீ போயே ஆக வேண்டும்' என்கிற மஸ்ட் 'கடப்பாட்டுத் துணைவினை'.

நம் கடற்கரைக்காரர்களுக்கு உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. வானிலை அறிக்கை 'கனமழை பெய்யக்கூடும்' என்கிறது. 'பெய்யும்' என்று அடித்துச் சொல்வதில்லை. அது மே, மைட். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரை கடந்து காற்று அடங்கியதும், கொல்லைப்பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் 'முந்திரியெல்லாம் சாய்ந்திருக்கும்' என்றார் என் மாமா. அது மஸ்ட் ஹேவ் ஃபாலன். (சாய்ந்துதான் இருந்தது.)

இந்தப் பிரிவினால் வகுப்பில் கிடைக்கும் பெரிய லாபம் எதிர்மறையில். 'அது அவராக இருக்க வேண்டும்' என்பதை மறுக்கச் சொன்னால் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு மஸ்ட் நாட் போடுகிறார்கள். அது 'கூடாது' என்னும் தடை. கணிப்பை மறுக்க கான்ட்தான் வேண்டும். தமிழிலும் 'அவராக இருக்க முடியாது' என்றுதானே சொல்கிறோம்? இதைக் காட்டியதும் பிடித்துக்கொள்கிறார்கள்.

புதுச்சேரியிலிருந்து:

தம்பி, கணிப்பு என்றால் எனக்கு ஜோசியர்தான் கண்ணுக்கு முன் வருகிறார். 'கொல்' என்ற இடைச்சொல் சந்தேகத்தைக் காட்டும் என்பதை, 'கொல்லே ஐயம்' என்று தொல்காப்பியம் ஒரே வரியில் முடித்துவிட்டது. ஏகாரத்துக்குத் தேற்றப் பொருளும், அதாவது உறுதியாகச் சொல்லும் பொருளும், அங்கேயே இருக்கிறது. உறுதிநிலையை நான் விட்டுவிடுகிறேன். மைட் ஐயத் துணைவினை, மஸ்ட் தேற்றத் துணைவினை என்று வைத்துவிட்டுப் போகலாமே? வீட்டில் பொருளை வைத்துக்கொண்டு கடைக்கு ஏன் போக வேண்டும்?

கடலூரிலிருந்து:

ஐயா, ஐயத்தை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். தேற்றத்தில் பழைய சிக்கலே திரும்ப வருகிறது. தேற்ற ஏகாரத்துக்குக் காட்டும் 'உண்டே மறுமை' (மறுமை உண்டு, அது உறுதி) என்பதைச் சொல்பவருக்குத் தடயம் எதுவும் தேவையில்லை, சந்தேகமும் இல்லை. மஸ்ட் அப்படியல்ல, 'விளக்கு எரிகிறதே' என்று ஏதாவதொன்றைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கும். அதற்குத் 'துணிபு' பொருந்தும். ஆராய்ந்து ஒரு முடிவுக்கு வருவதைத்தானே 'என்பது துணிபு' என்று எழுதுகிறோம்? பொதுப்பெயர் கணிப்புத் துணைவினை. அதற்குள் மைட், குட் ஐயக் கணிப்பு, மஸ்ட், கான்ட் துணிபுக் கணிப்பு. ஜோசியரைப் பற்றிக் கவலை வேண்டாம், தேர்தல் வந்தால் எல்லோரும் கருத்துக்கணிப்புதான் பார்க்கிறார்கள்.

ஷுட்தான் எதிலும் அடங்கவில்லை. 'பஸ் இந்நேரம் பண்ருட்டி தாண்டியிருக்கணும்' என்பது ஐயமும் இல்லை, துணிபும் இல்லை. வழக்கத்தை வைத்து எதிர்பார்ப்பது. 'எதிர்பார்ப்புக் கணிப்பு' என்று போட்டுப் பார்த்தேன், வாயில் நுழையவில்லை. சின்னச் சொல்லாக யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள், திங்கட்கிழமை வகுப்புக்கு வேண்டும்.