நெரிசலான சாலையில் சைக்கிள்: ஓரத்தை ஒட்டிச் செல்வதுதான் பாதுகாப்பா?

கேள்வி:
வணக்கம். இரண்டு மாதங்களாக அலுவலகத்துக்குச் சைக்கிளில் சென்று வருகிறேன். பின்னால் வரும் வண்டிகளுக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாது என்று சாலையின் ஓரத்தை ஒட்டியே ஓட்டுவது என் வழக்கம். சென்ற வாரம், நிறுத்தியிருந்த ஒரு காரின் கதவு எனக்கு முன்னே சட்டென்று திறந்தது. ஹேண்டில்பாரின் நுனி கதவில் இடிபட, சாலைப்பக்கமாகச் சாய்ந்து விழுந்தேன். பின்னால் வண்டி எதுவும் வராததால் முழங்கைச் சிராய்ப்போடு போயிற்று. அன்று முதல் ஓரத்தில் செல்லவும் அச்சமாக இருக்கிறது, நடுவில் செல்லவும் துணிவு வரவில்லை. அனுபவமுள்ளவர்கள் எப்படி ஓட்டுகிறீர்கள்?

மறுமொழி 1:
பெரிய காயமின்றித் தப்பினீர்கள் என்பது ஆறுதலாக இருக்கிறது. காரின் கதவு முழுதாகத் திறந்தால் ஏறக்குறைய 1 மீட்டர் வெளியே நீளும். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் சைக்கிள் ஒரு நொடியில் ஐந்தரை மீட்டரைக் கடந்துவிடுவதால், கதவைக் கண்டு பிரேக்கை அழுத்துவதற்குள் மோதிவிடுவோம். ஆகவே நிற்கும் வண்டிகளிலிருந்து ஒன்றரை மீட்டராவது தள்ளி, நேர்கோட்டில் செல்லுங்கள். இரண்டு கார்களுக்கு இடையே காலியிடம் தெரிகிறதே என்று உள்ளே ஒதுங்கி மறுபடி வெளியே வராதீர்கள். அப்படித் திடீரென்று வெளிப்படுபவரைப் பின்னால் வரும் ஓட்டுநர் எதிர்பார்ப்பதில்லை. ஒரு கார் உங்களைத் தாண்ட இடம் போதாத குறுகலான பகுதியில், திரும்பிப் பார்த்து, கையால் சைகை காட்டிவிட்டு, தடத்தின் நடுவுக்கே வந்துவிடுங்கள். சிலர் ஹாரன் அடிப்பார்கள். அடிக்கட்டும், உங்களைப் பார்த்துவிட்டார்கள் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

மறுமொழி 2:
மேலே சொன்னதை வழிமொழிகிறேன். ஆனால் கதவைவிட எனக்கு அச்சம் தருவது லாரிதான். சிக்னலில் நிற்கும் லாரிக்கும் சாலையோரத்துக்கும் நடுவே உள்ள சந்தில் ஒருபோதும் நுழையாதீர்கள். நீண்ட வண்டி திரும்பும்போது, பின்சக்கரங்கள் முன்சக்கரங்களின் தடத்திலேயே வராமல், வளைவின் உட்புறத்தை வெட்டிக்கொண்டு வரும்; தாராளமாகத் தெரிந்த இடைவெளி சில நொடிகளில் இல்லாமல் போகும். லாரியின் பக்கக் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால், நீங்களும் அவருக்குத் தெரியவில்லை என்றே கொள்ளுங்கள். பின்னாலேயே நின்றுவிட்டால் இழப்பது அரை நிமிடம்தான்.

மறுமொழி 3:
இருட்டில் செல்வதாக இருந்தால், முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் கட்டாயம் வேண்டும். கணுக்காலில் ஒளியைத் திருப்பும் பட்டை கட்டிக்கொள்வதும் நல்லது. அது காலோடு சேர்ந்து ஏறி இறங்குவதால், போவது சைக்கிள் என்று தொலைவிலேயே புரிந்துவிடும்.

கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. இன்று காலை கார்களிலிருந்து தள்ளியே ஓட்டினேன். ஆனால் திரும்பிப் பார்க்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறதே?

மறுமொழி 1:
பலருக்கும் தொடக்கத்தில் அப்படித்தான் இருக்கும். வண்டி வராத திடலில் கோடு கிழித்து, அதிலிருந்து விலகாமல் திரும்பிப் பார்க்கப் பழகுங்கள். தோளை இறுக்காமல் தலையை மட்டும் திருப்புங்கள். அது கைவரும் வரை, தடம் மாற வேண்டிய இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டே செல்லுங்கள்.